மாத்திரை போட்டால் விசுவாசம் குறைவா?

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 42. தூத்துக்குடி துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டு ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தாத்தா காலத்திலிருந்தே சி.எஸ்.ஐ. குடும்பம். கோயிலில் கொயரில் பாடுகிறேன். பதினைந்து வருடமாகக் குடி. ஆரம்பத்தில் சனிக்கிழமை மட்டும்தான். கடைசி ஐந்தாறு வருடமாகத் தினமும். காலையில் பிளாக்கில் ஒரு கட்டிங் வாங்கிப் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும்.

போன வருடம் ஒரு கன்வென்ஷனில் முன்னால் போய் அழுது ஒப்புக்கொடுத்தேன். அந்த வாரமே ஒரு ஜெப வீட்டில் மூன்று நாள் உபவாசம் இருந்தோம். இரண்டாம் நாள் எனக்கு வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆவி ஓடுகிறது என்றார்கள். அதன் பிறகு நாலு மாதம் தொடவில்லை. சபையில் சாட்சியும் சொன்னேன். அப்புறம் கொழுந்தியாள் கல்யாணத்தன்று ராத்திரி விழுந்தேன். இப்போது மறுபடியும் தினமும், சபைக்குத் தெரியாமல். என் மனைவி ஏதோ மாத்திரையை எனக்குத் தெரியாமல் குழம்பில் கலக்குகிறாளோ என்று சந்தேகமாக இருக்கிறது. ஒருநாள் குடித்த கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அண்ணன், "மாத்திரையை நம்புகிறவனுக்கு இயேசு எதற்கு" என்கிறார். கூட வேலை பார்ப்பவர்கள், "மனசு வைத்தால் விட்டுவிடலாம், உனக்கு வைராக்கியம் இல்லை" என்கிறார்கள். கர்த்தர் விடுதலை தந்தது உண்மையென்றால் நான் ஏன் விழுந்தேன்? என் முயற்சியால்தான் நிற்க வேண்டும் என்றால் ஜெபம் எதற்கு? கொயரிலிருந்து விலகிவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கேள்விகளுக்குள் போவதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். இதைப் படித்த வேகத்தில் பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஜெபத்தில் உட்கார்ந்துவிடாதீர்கள். குடியை நிறுத்து என்று சொல்ல வேண்டிய டாக்டரே இப்படிச் சொல்லலாமா என்று தோன்றும். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த வலிப்புதான்.

மது மூளையை மந்தமாக்குகிற பொருள். வருடக்கணக்கில் அது தினமும் வந்து அமுக்கிக்கொண்டே இருந்தால், மூளை அதைச் சமாளிக்கத் தன் பங்குக்கு வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. திடீரென்று ஒருநாள் மது வரவில்லை என்றால் அமுக்கிய கை போய்விடுகிறது, கூட்டி வைத்த வேகம் மட்டும் அப்படியே நிற்கிறது. கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு ஆரம்பிக்கும். காலையில் ஒரு கட்டிங் போட்டு நீங்கள் அடக்கியது இதைத்தான். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வந்துவிடும். உபவாசத்தின் இரண்டாம் நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு சரியாக இருக்கிறது.

உங்களுக்கு அது வலிப்போடு நின்றது. சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தியே தடுமாறிவிடும். சுவரில் பூச்சி ஊர்வதாகத் தட்டிவிட்டுக்கொண்டே இருப்பார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள், நடுராத்திரியில் எழுந்து "லோடு வந்துவிட்டது, கேட்டைத் திற" என்று ஓடுவார்கள். உடம்பு அனலாகக் கொதிக்கும், இரத்த அழுத்தம் ஏறும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று நாங்கள் சொல்லும் இந்த நிலையில் சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரே போகலாம். ஜெப வீட்டில் இதைப் பார்க்கிறவர்களுக்கு ஆவி ஓடுவதாகத் தோன்றுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனசில்லை, உங்களுக்காகப் பட்டினி கிடந்தவர்கள். ஆனால் 2020இல் ஊரடங்கு வந்து மதுக்கடைகளைப் பூட்டியபோது இதே வலிப்போடும் பிதற்றலோடும் எத்தனையோ பேரை ஆஸ்பத்திரிகளில் சேர்த்தார்கள். எல்லா மதத்துக்காரர்களும் இருந்தார்கள், சாமியே கும்பிடாதவர்களும் இருந்தார்கள். யாரும் அவர்களுக்குக் கை வைத்து ஜெபித்திருக்கவில்லை. கடை மூடியிருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இப்படித் திடீரென்று நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதுமாக இருக்க இருக்க, ஒவ்வொரு தடவையும் நடுக்கமும் வலிப்பும் கடுமையாகிக்கொண்டே போகலாம். ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறையும் வர வாய்ப்பு அதிகம். பட்டினியோடு சேர்ந்தால் இன்னும் மோசம். தினமும் குடிப்பவர்களின் உடம்பில் தயமின் என்கிற வைட்டமின் பி1 ஏற்கெனவே வற்றிப்போயிருக்கும். அது அடியோடு தீர்ந்தால் நடை தள்ளாடும், கண் அசைவு கோணும், ஞாபகசக்தி போய்த் திரும்பி வராமலே இருக்கலாம். குடியை நிறுத்திச் சோர்ந்து கிடப்பவரைப் பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போய் உடனே குளுக்கோஸ் டிரிப் ஏற்றச் சொல்வது நம் பக்கத்து வழக்கம். குளுக்கோஸ் ஏறும் முன் தயமின் ஊசி போட வேண்டும். உங்கள் மனைவிக்கு இந்த ஒரு வரியை மட்டுமாவது சொல்லி வையுங்கள்.

ஆகவே நிறுத்துவது ஆஸ்பத்திரியில், டாக்டர் மேற்பார்வையில் நடக்கட்டும். பெரும்பாலும் ஒரு வாரம் போதும். குளோர்டையஸபாக்சைடு மாதிரியான மருந்தை நடுக்கத்துக்குத் தகுந்தபடி கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்திவிடுவார்கள். அந்த வாரத்தில் ஜெபிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. உபவாசத்தை மட்டும் உங்களுக்குப் பதிலாக வேறு யாராவது இருக்கட்டும், அண்ணனே இருக்கலாம்.

அண்ணன் பேச்சுக்கு வருகிறேன். அவர் பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை போடுகிறாரா என்று எனக்குத் தெரியாது. போடுகிறார் என்றால் அந்த டப்பாவைப் பார்த்து அவர் விசுவாசத்தை யாரும் அளப்பதில்லை. வேதத்திலிருந்தே பேச வேண்டும் என்றால் எசேக்கியா ராஜாவின் கதையை அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். ராஜா மரணப்படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பி அழுது ஜெபிக்கிறார். உன்னைக் குணமாக்குவேன், மூன்றாம் நாளில் ஆலயத்துக்குப் போவாய், ஆயுசில் பதினைந்து வருடம் கூட்டுவேன் என்று கர்த்தர் ஏசாயா மூலம் வாக்குக் கொடுக்கிறார். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அதே ஏசாயா அடுத்த வசனத்தில் அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார். வாக்கு கொடுத்த வாய்தான் பற்றையும் சொன்னது. பவுலோடு கூடவே பயணம் செய்த லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்றுதான் கொலோசெயர் நிருபம் அழைக்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவத்தையும் சபையையும் பிரித்துப் பேசுவது எனக்கு எப்போதும் விநோதமாகத்தான் படும். வேலூரில் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்து வளர்ந்து நிற்கிற ஆஸ்பத்திரியை மிஷன் ஆஸ்பத்திரி என்று சொல்லித்தானே நம் ஊர்க்காரர்கள் ரயில் ஏறிப் போகிறார்கள்?

உங்கள் மனைவியைப் பற்றிய சந்தேகம். முகம் சிவந்து நெஞ்சு படபடத்தது என்றால், அது டைசல்ஃபிராம் என்கிற மாத்திரையாக இருக்கலாம். மது உடம்பில் உடையும்போது நடுவில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் உண்டாகும். சாதாரணமாக அது உடனே கரைந்துவிடும். இந்த மாத்திரை அதைக் கரையவிடாமல் தேக்கிவைக்கும். அதனால் குடித்தவுடன் முகம் சிவக்கும், தலை வலிக்கும், வாந்தி வரும், இதயம் அடித்துக்கொள்ளும், சிலருக்கு இரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகிவிடும். தானே தெரிந்து, குடிக்கக்கூடாது என்று முடிவு செய்து, டாக்டரைக் கேட்டுப் போடுகிறவருக்கு இது நல்ல மருந்து. காலையில் மாத்திரை விழுங்கியவர், குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டேதான் அன்றைய பொழுதை ஆரம்பிக்கிறார். அந்தத் தெரிதல்தான் மருந்தின் பாதி வேலை. தெரியாமல் குழம்பில் கலந்தால் அந்தப் பாதி போய்விடுகிறது, ஆபத்து மட்டும் மிஞ்சுகிறது. ஆனால் தம்பி, இதைக் கேட்டுவிட்டு வீட்டில் போய்ச் சண்டை போடாதீர்கள். குழம்பில் கலக்கும் அளவுக்கு ஒரு பெண் போகிறாள் என்றால் அவளுக்கு வேறு வழி எதுவும் தெரியவில்லை என்று அர்த்தம். கலந்தாளா என்று அமைதியாகக் கேளுங்கள், டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும்.

இந்த மாத்திரையை முறையாக எடுக்கிறவர்கள் சபையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இராப்போஜனத்தில் கொடுப்பது புளிக்காத திராட்சைச் சாறா, புளித்த திராட்சரசமா என்று ஆயரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒரு வாய்தானே என்று இருக்கக்கூடாது, சிறிதளவுக்கே சிலருக்கு உடம்பு படுத்திவிடும். மாத்திரை போடாவிட்டாலும் குடியிலிருந்து மீள்கிறவருக்கு அந்த ருசியும் மணமும் தேவையில்லாத தூண்டுதல். கிறிஸ்துமஸுக்கு உறவுக்காரர்கள் வீட்டில் போடும் ஒயினும், சில இருமல் டானிக்குகளும் அதே கணக்குத்தான். டைசல்ஃபிராம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. நால்ட்ரெக்சோன் குடியில் கிடைக்கும் கிளர்ச்சியையும் ஏக்கத்தையும் குறைக்கும், அக்காம்ப்ரோசேட் நிறுத்தியபின் நிலைத்து நிற்க உதவும். ஈரல், சிறுநீரகம், இதயம் எப்படியிருக்கின்றன என்று பார்த்து எது உங்களுக்குச் சரி என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

இனி உங்கள் பெரிய கேள்வி. கர்த்தர் செய்வதா, நான் செய்வதா?

நீங்கள் இதை ஒரு பங்கு பிரிக்கும் விவகாரமாக எடுத்துக்கொள்கிறீர்கள். அவருக்கு முழுப் பங்கு என்றால் எனக்கு வேலை இல்லை, எனக்கு வேலை இருக்கிறது என்றால் அவருக்கு அவ்வளவு பங்கு குறைகிறது என்று. பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் அப்படிப் பிரிக்கவில்லை. "இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்று 12ஆம் வசனத்தில் சொல்லிவிட்டு, 13ஆம் வசனத்தை "ஏனெனில்" என்று ஆரம்பித்து, "விருப்பத்தையும் செய்கையையும்" உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார். அவர் உள்ளே வேலை செய்கிறார், அதனால் நீ வெளியே வேலை செய் என்பதுதான் அங்கே உள்ள ஏற்பாடு. லாசருவின் கல்லறையிலும் அப்படித்தான். செத்தவனை எழுப்பக்கூடியவர் கல்லை மட்டும் பக்கத்தில் நின்றவர்களை எடுத்துப்போடச் சொல்கிறார். எழுந்து வந்தவன் கட்டுகளோடு நிற்கிறான், அதை அவிழ்க்கச் சொல்வதும் அவர்களிடமே. நான் இறையியல் படித்ததில்லை, ஞாயிறு பள்ளியோடு சரி. எனக்கு இதற்கு மேல் விளக்கத் தெரியாது. ஆனால் வார்டில் பார்ப்பது இதற்கு ஒத்துப்போகிறது.

குடிநோயாளிகளின் சகவாசக் குழுவான ஏ.ஏ. எப்படித் தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. உங்கள் கேள்வியை அப்படியே சுமந்துகொண்டு திரிந்த இரண்டு பேர் அதில் இருக்கிறார்கள். ஒருவர் நியூயார்க்கைச் சேர்ந்த பில் வில்சன், பங்குச்சந்தைக்காரர். 1934 டிசம்பரில் குடிக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடவுளை நோக்கிக் கதறினார். அறை முழுக்க ஒளி நிறைந்ததாக உணர்ந்தார். அதன்பின் அவர் குடிக்கவில்லை. உங்கள் கன்வென்ஷன் அனுபவத்தைவிடப் பெரிய அனுபவம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஐந்து மாதம் கழித்து ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊரில், வந்த வியாபாரம் தோற்றுப்போய், ஹோட்டல் வராந்தாவில் தனியாக நிற்கும்போது பக்கத்து பாரின் சிரிப்புச் சத்தம் அவரை இழுத்தது. ஒளியைப் பார்த்தவருக்கும் பாரின் சத்தம் கேட்கத்தான் செய்தது. அவர் செய்தது என்ன தெரியுமா? அங்கே மாட்டியிருந்த சபைகளின் பட்டியலைப் பார்த்து ஒரு போதகருக்குப் போன் போட்டார். என்னை மாதிரி இன்னொரு குடிகாரன் இந்த ஊரில் இருந்தால் காட்டுங்கள், அவனோடு பேச வேண்டும் என்றார்.

அந்தப் போன் கை மாறிக் கை மாறிக் கொண்டுபோய் விட்ட இடம் டாக்டர் பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை நிபுணர். இவர் ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவ ஐக்கியத்தின் கூட்டங்களுக்கு இரண்டரை வருடமாகப் போய்க்கொண்டிருந்தவர். ஜெபித்தார், வேதம் வாசித்தார், குடித்துக்கொண்டும் இருந்தார். பதினைந்து நிமிடம் மட்டும் பேசுகிறேன் என்று உட்கார்ந்தவர் மணிக்கணக்கில் பேசினார். அவரும் உடனே விட்டுவிடவில்லை. ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி விழுந்தார். திரும்பி வந்து 1935 ஜூன் 10ஆம் தேதி குடித்ததுதான் கடைசி. அந்தத் தேதியைத்தான் ஏ.ஏ.வின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். 1950இல் சாகும்வரை அவர் தொடவில்லை.

இரண்டரை வருட ஜெபம் வீண் என்று இதற்கு அர்த்தமா? டாக்டர் பாப் அப்படிச் சொன்னதில்லை. தனியாக முட்டி போட்டுச் சொன்னதை இன்னொருவன் முகத்தைப் பார்த்துச் சொன்னபோதுதான் அவருக்குப் பிடி கிடைத்தது. யாக்கோபு நிருபம் ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஜெபம்பண்ணச் சொல்கிறது, சொஸ்தமடையும்படிக்கு. நாம் ஜெபத்தை எடுத்துக்கொண்டு அறிக்கையை விட்டுவிடுகிறோம்.

இப்போது உங்களோடு வேலை பார்ப்பவர்கள் சொல்லும் வைராக்கியத்துக்கு வருவோம். சாயங்காலம் ஏழு மணிக்குப் பசியோடும் களைப்போடும் கையில் காசோடும் கடை வாசலில் நின்றுகொண்டு, பல்லைக் கடித்து "வேண்டாம்" என்று சொல்வதைத்தான் அவர்கள் முயற்சி என்கிறார்கள். அந்த நேரத்தில் யாருடைய வைராக்கியமும் நிற்காது. பதினைந்து வருடம் பழகிய மூளை அந்த நேரத்தில் உங்கள் பக்கம் இல்லை. முயற்சியைச் செலவழிக்க வேண்டிய நேரம் காலை ஒன்பது மணி, மனசு தெளிவாக இருக்கும்போது. யார்டிலிருந்து வீட்டுக்கு எந்த ரோட்டில் போவது, யாருடைய பைக்கில் ஏறாமல் இருப்பது, டூட்டி முடியும் முன் என்ன சாப்பிடுவது, போனில் இருக்கும் ஜிபேயை என்ன செய்வது, இதையெல்லாம் அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். சம்பளத்தை மனைவி கணக்குக்கு மாற்றிவிட்டுப் பஸ்ஸுக்கும் டீக்கும் மட்டும் கையில் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இதில் அவமானம் ஒன்றும் இல்லை. வயிறு காலியாக இருக்கும்போது ஏக்கம் இரண்டு மடங்காகத் தெரியும். ஐந்து மணிக்கு இரண்டு வாழைப்பழமும் ஒரு டீயும் பெரிய உதவி. அப்படியும் ஏக்கம் வந்தால், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அது தணியும். அந்த அரை மணிக்கு இடத்தை மாற்றுங்கள், யாரையாவது கூப்பிடுங்கள்.

என்னிடம் வந்த ஒரு மினிபஸ் டிரைவர் தன் வேதாகமத்தில் 121ஆம் சங்கீதப் பக்கத்தில் டிக்கெட் ரோலிலிருந்து கிழித்த ஒரு துண்டுச்சீட்டை வைத்திருப்பார். அதில் நாலு போன் நம்பர். முதலாவது ஏ.ஏ. நண்பர், இரண்டாவது மனைவி, மூன்றாவது சபையில் ஒரு பெரியவர், நாலாவது எங்கள் வார்டு. "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று வாசித்துவிட்டு முதல் நம்பரைப் போடுவார். அவர் எடுக்கவில்லை என்றால் இரண்டாவது. ஜெபம் எங்கே முடிந்து முயற்சி எங்கே ஆரம்பிக்கிறது என்று அவரைக் கேட்டால் முழிப்பார்.

ஜெபத்தையும் கொஞ்சம் குறிப்பாகச் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். "கர்த்தாவே, என்னைக் காத்தருளும்" என்பது நல்ல ஜெபம்தான். ஆனால் "இன்றைக்குச் சம்பள நாள், ஷிஃப்ட் முடிந்ததும் கூட இருப்பவர்கள் கூப்பிடுவார்கள், கேட்டுக்கு வெளியே நான் இடது பக்கம் திரும்ப வேண்டும்" என்று சொல்லி ஜெபித்துப் பாருங்கள். ஜெபிக்கும்போதே அன்றைய திட்டம் கையில் வந்துவிடும்.

விழுந்தது பற்றி. கல்யாண வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். ரிசப்ஷனில் போட்டோ எடுத்து முடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் கார் நிற்கிற இடத்தில் என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். நாலு மாதம் நின்றவர் அங்கே எந்தத் துணையும் இல்லாமல், எந்த மருந்தும் இல்லாமல் போயிருக்கிறார். இது கர்த்தர் கைவிட்ட கதையாக எனக்குத் தெரியவில்லை. தொடர் சிகிச்சை இல்லாத ஒரு நோய் திரும்பி வந்திருக்கிறது. குடிநோயில் மறுபடி விழுவது சகஜம், இரண்டு மூன்று தடவை விழுந்து எழுந்தவர்கள்தான் என் பழைய நோயாளிகளில் அதிகம். உங்களை அழித்தது அந்த ஒரு ராத்திரி இல்லை. "சாட்சி சொன்னவன் குடித்துவிட்டேன், இனி எல்லாம் போச்சு" என்று மறுநாள் காலையில் நினைத்தீர்களே, அந்த நினைப்புத்தான் ஒரு ராத்திரியைத் தினசரியாக்கியது.

சாட்சி விஷயத்தில் சபைகள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. காலில் கட்டுப் போட்டவனை மூன்றாம் வாரம் ஓடிக் காட்டச் சொல்ல மாட்டார்கள். குடியை விட்டவனை மட்டும் மூன்றாம் மாதமே மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்துவிடுவார்கள். எல்லோரும் அல்லேலூயா சொல்வார்கள். அதன்பிறகு அவன் தடுமாறினால் யாரிடம் போய்ச் சொல்வான்? நீங்கள் நின்ற அந்த நாலு மாதத்தில் ஏக்கம் வந்த நாட்களும் இருந்திருக்கும். ஒருவரிடமாவது சொன்னீர்களா? சாட்சி சொன்னவருக்கு ஏக்கம் வரக்கூடாது என்றுதானே மறைத்திருப்பீர்கள்? அடுத்த முறை குறைந்தது ஒரு வருடம் எந்த மேடையிலும் ஏறாதீர்கள். கேட்டால் டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

கொயரை விடாதீர்கள். ஞாயிறு ஆராதனை, சனிக்கிழமை சாயங்கால பிராக்டீஸ் என்று வாரத்தில் இரண்டு பொழுதை உங்களுக்காகக் கட்டிப் போட்டிருக்கிற இடம் அது. சனிக்கிழமை சாயங்காலம் உங்களுக்கு எப்படிப்பட்ட நேரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கொயர் மாஸ்டரிடமோ ஆயரிடமோ தனியாக உட்கார்ந்து உண்மையைச் சொல்லுங்கள். இருவரில் யார் வாய் காக்கிறவர் என்று உங்களுக்குத் தெரியும். கொஞ்ச நாள் பாட வேண்டாம், பின்வரிசையில் உட்காரு என்று அவர் சொன்னால் அப்படியே செய்யுங்கள். விலகி வீட்டில் இருப்பது மட்டும் வேண்டாம்.

ஜெப வீடுகள் சிலவற்றில் குடிகாரர்களை மாதக்கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். அண்ணன் அப்படி ஏதாவது யோசனை சொல்லலாம். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் போதை நோயையும் சேர்த்தே பேசுகிறது. ஆட்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும், யாரையும் சங்கிலியில் கட்டக்கூடாது. டாக்டர் வந்து போகாத, வலிப்பு வந்தால் ஊசி போட ஆளில்லாத இடத்தில் தங்கக்கூடாது, அங்கே எவ்வளவு உருக்கமாக ஜெபித்தாலும்.

நீங்கள் ஒன்றும் அபூர்வமான ஆள் இல்லை. 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி நாட்டில் 10 முதல் 75 வயதுக்குள் இருப்பவர்களில் 2.7 சதவீதம் பேர் குடிக்கு அடிமையாகியிருக்கிறார்கள். அவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னவர்கள் 38 பேரில் ஒருவர்தான். உங்களுக்கு வழி பக்கத்திலேயே இருக்கிறது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் காலை புறநோயாளி நேரத்தில் போனால் போதும். வலிப்பு வந்ததை முதலிலேயே சொல்லுங்கள், உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டுமா என்று அவர்கள் முடிவு செய்ய அது முக்கியம். போகும்வரை குடியைத் திடீரென்று வெட்டாதீர்கள், கூட்டவும் வேண்டாம். போகுமுன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, மனநலத்துக்கான இலவச எண், தமிழிலேயே பேசலாம். போதைக்கென்றே 14446 என்ற எண்ணும் உண்டு. ஏ.ஏ. கூட்டங்கள் தென்மாவட்டங்களில் தமிழிலேயே நடக்கின்றன. காசு கிடையாது, முழுப்பெயர் கேட்க மாட்டார்கள். சில கூட்டங்கள் நடப்பதே கோயில் வளாகத்து அறையில்தான்.

மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். குடிப்பவரின் வீட்டாருக்கென்று அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது, அதைப் பற்றியும் அவர் விசாரித்துக்கொள்ளலாம். குழம்பில் கலந்த மாத்திரையின் அட்டை வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது என்ன மாத்திரை என்று டாக்டர் பார்க்க வேண்டியிருக்கும்.